மாப்பிள்ளை ஓடிய நிக்காஹ்

பள்ளிவாசல் தலைவர் அவர்களே, என் மாமாவைப் பைத்தியம் ஆக்கியது நீங்கள்தான். பள்ளிவாசல் மைக்கில், ஊரே கேட்க ஆக்கினீர்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. உம்மாவின் தம்பியான மாமா உப்பளத்தில் வேலை செய்தார். கொளுத்தும் வெயிலில் நாள் முழுக்க உப்பு வாருவார், முகம் சுளிக்க மாட்டார். ஆனால் நாலு சுவருக்குள் கூட்டம் சேர்ந்தால் அவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். பஸ்ஸில் மிதிபலகையில்தான் நிற்பார். கலியாண வீடுகளுக்கு என்னை விட்டுவிட்டுப் போகவே மாட்டார். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மகள், என்ன தெரியுது, சொல்லு" என்பார். தொப்பி சரிந்த கிழவர், மின்விசிறியில் சிக்கிய பலூன், மாப்பிள்ளைத் தோழனின் ஓட்டைக் காலுறை என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். கூட்டத்தில் நான் பயந்துவிடாமல் இருக்க மாமா விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்திருந்தேன்.

தன் நிக்காஹ்வைத் தில்லையடியில் பெண்வீட்டு முற்றத்தில் வைக்கும்படி மாமா உங்களிடம் கெஞ்சினார். பள்ளிவாசலுக்குள் வைத்தால்தான் மரியாதை என்றீர்கள். அப்படியென்றால் அக்காவின் மகள் பக்கத்தில் இருக்கட்டும் என்றார் மாமா. வாப்பா என்னையும் கூட்டிப்போனார். நீங்கள் என்னைக் கண்டதும், "பொம்புளப் புள்ளைக்கு ஆம்புளையள்ற சபையில என்ன வேல?" என்று வெளியே அனுப்பினீர்கள். எனக்குச் சந்தோஷம்தான். வெளியே தின்ன வட்டிலப்பம் இருந்தது.

உள்ளே பெண்ணின் வாப்பா மாமாவின் கையைப் பிடித்தார். நிக்காஹ் நடத்தும் லெப்பை மைக்கை மாமாவின் வாயருகே நீட்டினார். "கபூல்" என்று சம்மதிக்கும் ஒரு சொல் வெளியே வர வேண்டும். மாமாவே வெளியே வந்துவிட்டார், கோட்டும் தொப்பியுமாக, செருப்பில்லாமல். என்னைத் தாண்டி ஓடினார்.

அப்போது நீங்கள் மைக்கை வாங்கிச் சொன்னீர்கள்: "மாப்புள்ளைக்குப் பைத்தியம் முத்திட்டு. சஹன் சோறு ஆற முந்தி எல்லாரும் தின்னுங்க."

எல்லாரும் தின்றார்கள்.

வாப்பாவும் பெண்ணின் வாப்பாவும் என்னை ஏற்றிக்கொண்டு ஓர் ஆட்டோவில் உப்பளத்துக்குப் போனார்கள். வரம்பின் நடுவில் மாமா நின்றார். என்னைக் கண்டதும் வழக்கமான கேள்வியைக் கேட்டார். வெள்ளைக் கொக்கு, தென்னங்கிடுகு மூடிய உப்புக் குவியல், கோட்டுப் போட்ட ஒரு மடையன் என்றேன். மாமா சிரித்துவிட்டார். மூச்சு சீரானது.

பெண்ணின் வாப்பா ஏச வாயைத் திறந்தார். மாமா முந்திக்கொண்டார்.

"மாமா, எனக்கு ஒங்கட மகள் வேணும். அந்த மைக்தான் வாணாம்."

அந்த மனிதர் லெப்பையைக் கூட்டிவர ஆட்டோவை அனுப்பினார். வாப்பாவும் ஆட்டோக்காரரும் சாட்சி. வரம்பில் நின்று மாமா "கபூல்" என்று சொன்னது அடுத்த பாத்தி வரை கேட்டது. அன்று முதல் அந்தப் பெண் எனக்கு மாமி. இன்றைக்கும் மாமாவுடன் வெளியே போனால், "என்ன தெரியுது?" என்று அவருக்கு முந்திக் கேட்பவர் மாமிதான்.

ஆனால் நீங்கள் சொன்ன சொல் ஊரில் தங்கிவிட்டது. கடைக்குப் போனாலும் அந்தப் பெயர், அவருடைய பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும் அந்தப் பெயர். மாமா அதன்பிறகு பள்ளிவாசல் மண்டபத்துக்குள் கால் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வெளியே, கைகால் கழுவும் தொட்டியான ஹவுளடியில், வெயிலில் நின்று தொழுகிறார்.

நான் உளச்சிகிச்சையாளர் ஆனேன். மாமாவுக்கு இருந்த அச்சப் படபடப்பைப் பதகளிப்பு என்று படித்தேன். நெஞ்சு படபடப்பவரின் கவனத்தைச் சுற்றியுள்ள பொருட்களின் பக்கம் திருப்பலாம் என்று விரிவுரையாளர் சொன்ன அன்று, வகுப்பை விட்டு எழுந்து போய் அழுதேன். அந்த விளையாட்டில் பயந்துகொண்டிருந்தது நானில்லை. எட்டு வயதில், வட்டிலப்பத்தோடு நின்றவளுக்கு அது விளங்கவில்லை.

இப்போது பதகளிப்பைப் பற்றிப் பேச, அதே மண்டபத்துக்கு என்னை அழைத்திருக்கிறீர்கள். "எங்கட ஊர்ப் புள்ள" என்று எழுதியிருக்கிறீர்கள். வருகிறேன். ஆனால் முதலில் நீங்கள் பேச வேண்டும். அதே மைக்கில், வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் பதில் சொல்லுங்கள்: என் மாமாவுக்குப் பைத்தியமா?

அவர் ஹவுளடியில்தான் இருப்பார். ஒலிபெருக்கி அங்கே நன்றாகக் கேட்கும்.