வெளியே நின்று கொடுத்த நேர்முகம்

நற்பிட்டிமுனை பஸ்மினாவிடம் புவியியலில் ஒரு பட்டம் இருந்தது, வேலை இல்லை. பட்டதாரிகள் அரசாங்க நியமனம் கேட்டு வீதியோரத்தில் போராட்டக் கொட்டில் போட்டு உட்கார்ந்தபோது அவளும் போய் உட்கார்ந்தாள். நியமனம் வராமல் கொட்டிலையே கழற்றிய பிறகு, தனியார் கம்பனிகளுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினாள்.

கூப்பிடத்தான் செய்தார்கள். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால், பஸ்மினாவுக்குப் பெயரும் ஊரும் கிராம சேவையாளர் பிரிவும் மட்டுமே ஞாபகத்துக்கு வரும். ஒரு காப்புறுதிக் கம்பனியில் இவற்றைச் சொல்லி முடித்துவிட்டு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். அவர்களும் வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இது கண்ணூறு என்பது உம்மா கமீலாவின் முடிவு. அடுத்த நேர்முகத்துக்கு ஓதிய தண்ணீர் ஒரு பெரிய போத்தல் நிறையக் கொடுத்து, சொட்டும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். பஸ்மினா குடித்தாள். பாதி நேர்முகத்தில் எழுந்து மலசலகூடம் எந்தப் பக்கம் என்று கேட்டாள். அன்று அவள் பேசிய மிக நீளமான வசனம் அதுதான்.

அந்த நாட்களில் அவள் படித்த பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் சிலர் ஒரு ஏற்பாடு செய்தார்கள். வேலையில் இருக்கும் பட்டதாரி ஒருவரை, வேலை தேடும் பட்டதாரி ஒருவருக்கு ஆறு மாதம் வழிகாட்டியாகச் சேர்த்துவிடுவது. பஸ்மினா பெயர் கொடுத்தாள். அவளுக்குக் கிடைத்த வழிகாட்டி றுஸ்னா.

றுஸ்னா கல்முனையில் ஒரு விநியோகக் கம்பனியில் ஆட்களைத் தெரிவு செய்யும் பிரிவில் இருந்தாள். கெட்டிக்காரி. ஆனால் பாடசாலையில் பஸ்மினாவுக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவள். பஸ்மினா மாணவத் தலைவியாக இருந்த வருஷம், பிந்தி வருகிறாள் என்று கேற்றடியில் அடிக்கடி நிறுத்தி வைத்ததும் இவளைத்தான். தன் கையால் வெயிலில் நிறுத்தியவளிடம் போய் வேலைக்கு வழி கேட்பதா என்று பஸ்மினா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு போனாள்.

பேக்கரி ஒன்றின் மாடியில் சந்திப்பதாகப் பேச்சு. அதற்கும் றுஸ்னா பிந்தித்தான் வந்தாள். பஸ்மினா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வழிகாட்ட வந்தவள் நின்ற நிலையிலேயே மன்னிப்புக் கேட்டாள்.

முதல் இரண்டு மாதமும் றுஸ்னா தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். நிமிர்ந்து உட்காருவது, கண்ணைப் பார்ப்பது, கண்ணாடி முன்னால் நின்று பழகுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, சிரித்த முகமாக இருப்பது. பஸ்மினா சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். ஒரு மருந்துக் கம்பனியில், முன்பு இருந்த உத்தியோகத்தர் திடீரென்று நெஞ்சு வலித்து மௌத்தாகிப் போனதால்தான் இந்த இடம் காலி என்று சொன்னார்கள். அதற்கும் அவள் சிரித்த முகமாகவே இருந்தாள்.

அந்தச் செய்தி காதுக்கு எட்டியதும் றுஸ்னாவுக்கு மனம் விட்டுப் போனது. தன்னால் முடியவில்லை, வேறு யாரையாவது கேட்டுப் பாருங்கள் என்று நேரில் சொல்வதற்காக நற்பிட்டிமுனைக்கு ஆட்டோ பிடித்தாள்.

அவள் போய் இறங்கிய நேரம் வீடே பதைத்துக்கொண்டிருந்தது. வயல் விளைந்து கிடக்கிறது, மேற்கே வானம் கறுத்து வருகிறது, வருவதாகச் சொன்ன வெட்டு மெஷினைக் காணோம். வாப்பா பக்கீர் முகைதீன் தலையில் கை வைத்தபடி கதிரையில் இருந்தார். முற்றத்தில் போனும் கையுமாகக் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள் பஸ்மினா. மெஷின்காரர் றிம்சான், மெஷின் பழுதாகி நிற்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும்.

"பழுதான மெஷினா இவ்வளவு சத்தம் போடுது, றிம்சான் காக்கா?" என்றாள் பஸ்மினா.

அவள் கோபப்படவில்லை. எந்த வயலில் நிற்கிறார் என்று கேட்டறிந்தாள். அங்கே முடிந்ததும் வாய்க்கால் ஓரமாகவே மெஷினை இறக்கினால் றோட்டைச் சுற்றி வரத் தேவையில்லை, டீசல் மிச்சம் என்றாள். பக்கத்து வயல்காரரையும் தானே கேட்டு வைப்பதாகவும், ஒரே வரவில் இரண்டு வயலும் வெட்டலாம் என்றும் சொன்னாள். பிறகு பக்கத்து வயல்காரரை எடுத்தாள். பிறகு லொறிக்காரரை எடுத்து, சாக்கு எத்தனை வரும், எந்தப் பக்கம் லொறியை நிறுத்தினால் டயர் புதையாது என்பதெல்லாம் சொன்னாள். கமீலா கொடுத்த தேத்தண்ணி றுஸ்னாவின் கையில் ஆறிப்போனது.

"ராத்தா, இப்ப கதைச்சது ஆரு?"

"ஏன், நான்தான்."

"மறுகா ஏன் இன்டர்வியூக்கு அந்த ஆளக் கூட்டிட்டுப் போறல்ல?"

இது வீட்டு விசயம், இதையெல்லாம் போய் வெளியில் சொல்வதா என்று பஸ்மினா கேட்டாள். இதைச் செய்ய ஆள் கிடைக்காமல்தான் கம்பனிகள் சம்பளத்தை வைத்துக்கொண்டு நிற்கின்றன என்றாள் றுஸ்னா. விலக வந்ததைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

அதன் பிறகு பயிற்சி மாறியது. பஸ்மினாவின் சுயவிபரத்தில் பட்டத்துக்குக் கீழே, பல போகங்களாக அறுவடை, போக்குவரத்து, நெல் விற்பனை எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தவர் என்று றுஸ்னா எழுதினாள். இது பொய்யாகாதா என்று பஸ்மினா பயந்தாள். எந்தச் சொல் பொய் என்று றுஸ்னா கேட்டாள். பஸ்மினா தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை.

முகம் தெரியாமல் போனில் கேட்டால் பஸ்மினா எதற்கும் பதில் சொன்னாள். ஆகவே றுஸ்னா முதலில் கல்முனையில் இருந்தபடியே எடுத்துக் கேள்வி கேட்டாள். அடுத்த கிழமை வீட்டுக் கேற்றுக்கு வெளியே நின்று கேட்டாள். அதற்கடுத்த கிழமை கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று கேட்டாள். வீட்டுக்கு வந்த புள்ளையை உள்ளே இருக்க விடாமல் என்ன பழக்கம் இது என்று கமீலா மகளை ஏசினார். சீலையை விலக்குவதற்கு முன்னர் சம்மாந்துறை அரிசி மில் ஒன்றிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. விவசாயிகளோடு தொடர்பு வைத்துக்கொள்ள ஒரு பட்டதாரி வேண்டுமாம்.

றுஸ்னா லீவு போட்டுவிட்டுக் கூடவே போய், மில்லுக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் காத்திருந்தாள். உள்ளே மில் சொந்தக்காரர் அப்துல் ஸமட் ஹாஜியாரும் முகாமையாளர் மிஹ்லாரும் இருந்தார்கள். ஹாஜியார் அந்தப் பழைய கேள்வியைத்தான் கேட்டார். பஸ்மினா பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். அடுத்தது என்னவென்று அவளுக்கே தெரியும். கை தானாகவே அடையாள அட்டைப் பக்கம் போனது. அந்தக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஹாஜியார், நான் ஒள்ளுப்பம் வெளிய போய் கோல் எடுக்கட்டா? போனில எண்டா எல்லாம் ஒழுங்காச் சொல்லுவன்."

மிஹ்லார் சிரித்துவிட்டார். ஹாஜியார் சிரிக்கவில்லை. இந்த வேலையே பெரும்பாலும் போனில்தானே என்று சொல்லி நம்பரைக் கொடுத்தார்.

வெளியே லொறி நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் நின்று பஸ்மினா கோல் எடுத்தாள். ஹாஜியார் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். தன்னைப் பற்றி அவள் சொல்லி முடித்ததும், தன் மில்லுக்கு ஏன் இப்போது நெல் வருவது குறைவு என்று கேட்டார். விலையில் குறை இல்லை, மில்லுக்கு எடுத்தால் யாரும் போனுக்குப் பதில் சொல்வதில்லை என்றாள் பஸ்மினா. தன் வாப்பாவும் போன போகம் மூன்று தரம் எடுத்துப் பார்த்துவிட்டு நெல்லை வேறு மில்லுக்கு ஏற்றியதாகவும் சொன்னாள். ஹாஜியார் மிஹ்லாரைப் பார்த்தார். மிஹ்லார் சுழலும் மின்விசிறியைப் பார்த்தார்.

தேத்தண்ணிக் கடையிலிருந்த றுஸ்னாவுக்கு இது எதுவும் தெரியாது. உள்ளே போனவள் உடனே வெளியே வந்து, வெயிலில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் போனில் கதைப்பதைத்தான் கண்டாள். துரத்திவிட்டார்கள், உம்மாவுக்கு எடுத்து அழுகிறாள் என்று முடிவு கட்டினாள். றோட்டைக் கடந்து நேராக அலுவலகத்துக்குள் போனாள். இந்தப் புள்ளைக்கு இன்னொரு தரம் இடம் கொடுக்க வேண்டும், கதைக்கத் தெரியாதவள் இல்லை, முகத்தைப் பார்த்தால்தான் சொல் வராது என்று மூச்சு விடாமல் சொன்னாள். அவள் நிறுத்தியபோது மேசையிலிருந்து பஸ்மினாவின் குரல் கேட்டது. சம்பளம் பற்றி ஹாஜியார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே என்று அது கேட்டுக்கொண்டிருந்தது.

வேலை கிடைத்தது, மூன்று மாதம் வைத்துப் பார்க்கும் தவணையில். முதல் கிழமைகளில் நேரில் வரும் விவசாயிகள் முன்னால் அவளுக்கு நாக்கு எழவில்லை. அவர்களும் விரைவில் விசயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கவுண்டருக்கு வந்து ஸலாம் சொல்லிவிட்டு, விறாந்தைக்குப் போய்க் கோல் எடுத்தார்கள். பெரும்போக அறுவடை தொடங்கி விறாந்தையில் நிற்க இடமில்லாமல் போன நாளில், அவளுடைய போன் சார்ஜ் இறங்கி அணைந்தே விட்டது. பஸ்மினா எழுந்து நின்று ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு அலுவலைப் பார்த்தாள். நேரில் கதைத்திருக்கிறோம் என்பது பின்னேரம் தொண்டை கட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

இப்போது றுஸ்னாவுக்குப் பாண்டிருப்பிலிருந்து சுஜிந்தன் என்றொரு பட்டதாரியைச் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். அவன் நேர்முகத்தில் பேசத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. எதிரில் இருப்பவர்கள் கேள்வி கேட்க இடம் கிடைக்காமல் எழுந்து போய்விடுகிறார்கள். என்ன செய்யலாம் என்று றுஸ்னா கேட்டாள். மில்லுக்கு அனுப்பு என்றாள் பஸ்மினா. அவன் ஒவ்வொரு புதன்கிழமையும் வந்து, கவுண்டரில் அவளுக்குப் பக்கத்தில் இருக்கிறான். விவசாயிகள் அவனை இன்னும் ஒரு வசனம்கூட முடிக்க விடவில்லை.