சட்டனிலிருந்து ஒரு மணி நேரம்

"பிளேஸ்டோவில ஒரு வான்காரர் இருக்கிறாராம். ரெண்டு கண்ணும் போச்சுதாம், பாவம். வானை வித்துப்போட்டு கனடாவில மகளோட போய் இருக்கப்போறாராம்."

கிழக்கு லண்டன், அப்டன் பார்க் மரக்கறிக் கடையில் காசு வாங்கும் றூபினி, முன்னால் நின்ற பெண்ணிடம் இதைச் சொல்லிக்கொண்டே முருங்கைக்காயை நிறுத்தாள். வரிசையில் மூன்றாவதாக நின்றவர் ஜீவரத்தினம். பிளேஸ்டோவில் வான் வைத்திருக்கும், அறுபத்திரண்டு வயதான, கலியாணமே கட்டாத ஜீவரத்தினம்.

கனடாவில் தனக்கு ஒரு மகள் இருப்பது அவருக்கே அன்றுதான் தெரியவந்தது.

"ஆர் பிள்ளை சொன்னது?" என்று தன் முறை வந்ததும் கேட்டார்.

"சேர்ச்சில கதைச்சவையாம் அண்ணை. மாமி கேட்டுக்கொண்டு வந்து சொன்னவ. உங்களுக்கு ஆளைத் தெரியுமோ?"

"கொஞ்சம் தெரியும். கறுவாப்பட்டை ஒரு பக்கட் தாங்கோ."

அந்தக் கதையில் கால்வாசி உண்மை இருந்தது. வானை அவர் விற்கவில்லை. அது வீட்டு வாசலில் இலை விழுந்து நிற்கிறது. ஆனால் ஒக்டோபரில் கண் கிளினிக்கில், ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமத்தச் சொன்னார்கள். இடப்பக்கம் நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் பழுதாக்கும் என்று பொறுமையாக இருந்தார். புள்ளிகள் வந்துகொண்டுதான் இருந்தன என்று டாக்டர் பிறகு சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி இடப்பக்கப் பார்வையைத் தின்றிருக்கிறது. ஒழுங்காக மருந்து விட்டால் மிச்சம் தங்கும். வாகனம் மட்டும் ஓட்டக் கூடாது.

லைசென்ஸைத் திருப்பி அனுப்பும் கடிதத்தை மூன்றாம் வீட்டுக் கொட்வின்தான் எழுதித் தந்தார். ஜீவரத்தினத்துக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. அந்த ஒரு வரியை எழுதக் கை போகவில்லை. ஒருத்தருக்கும் மூச்சு விடப்படாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். கொட்வினும் கர்த்தரைத் தவிர வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், 'பிளேஸ்டோவில் வான் ஓட்டும் ஒரு சகோதரருடைய கண்களுக்காக' என்று பெயர் சொல்லாமல் ஒரு ஜெபக்குறிப்பு கொடுத்தார். சபையில் எழுபது பேர். மகளும் கனடாவும் சபைக்கும் மரக்கறிக் கடைக்கும் இடையில் எங்கோ சேர்ந்துகொண்டன.

வேறெந்த மாதமாக இருந்தாலும் ஜீவரத்தினம் சிரித்துவிட்டுப் போயிருப்பார். நாளை மறுநாள் நத்தார், கிறிஸ்து பிறந்த நாள்.

அவர் வேதக்காரர் இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் பதினான்கு வருடமாக நத்தார் விருந்து நடக்கிறது. அதைத் தொடக்கிவைத்தது லண்டன் போக்குவரத்து. நத்தாரன்று இந்த நகரத்தில் ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. முன்பு அவரோடு ஒரே கிடங்கில் அரிசி பொதி செய்த தயாளினி, சட்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், நத்தார் காலை ஷிப்ட் முடிந்து வெளியே வந்து வெறிச்சோடிய ஸ்டேஷன் வாசலில் நின்றபடி அவருக்குப் போன் எடுத்தாள். வானைக் கொண்டுபோய் ஏற்றிவந்து, வீட்டில் இருந்த கோழிக்கறியைச் சூடாக்கிக் கொடுத்தார். அடுத்த வருடம் அவர் தானாகவே போனார். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த ஐடி வேலைக்காரன் ஸ்ரீனிவாஸ், அதே நாள் அப்டன் பார்க் பஸ் தரிப்பில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நின்றுகொண்டிருந்தான். போகும்போதும் நிற்கக் கண்டார், திரும்பும்போதும் நிற்கக் கண்டார். "தம்பி, நாளைக்குக் காலமைதான் பஸ் வரும், ஏறும்" என்றார். அன்றிலிருந்து விருந்துக்கு மூன்று பேர். பிறகு கொட்வினும் ஆராதனை முடிந்து கேக்கோடு வரத் தொடங்கினார். வான்கோழியை ஒருமுறை ஓவனில் வைத்துப் பார்த்து, அது காகிதம் மாதிரி இருந்ததால், மறு வருடத்திலிருந்து துண்டு துண்டாக வெட்டுவித்துக் கறியாக்கினார்கள். மரக்கறி மட்டும் சாப்பிடும் ஸ்ரீனிவாஸ் அந்தக் கறியின் பிரட்டலை மணந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வான்.

ஸ்ரீனிவாஸ் நடந்து வருவான். கொட்வினுக்கு மூன்று வாசல் தூரம். சட்டன் அப்படியல்ல. வெறும் வீதியிலும் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் ஜீவரத்தினம் வருடம் முழுவதும் வானைச் சேர்விஸ் செய்து வைத்திருந்தார் என்று சொன்னாலும் பிழையில்லை. தயாளினி பக்கத்து இருக்கையில் இருந்து, இல்லத்தில் இருக்கும் வெள்ளைக்காரக் கிழவிகள் செய்யும் குழப்படியெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஊரில் எல்லாரையும் அண்ணை என்று கூப்பிடுகிறவள் அவரை மட்டும் ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வான் இல்லையென்றால் அவளிடம் போக அவருக்கு வேறு என்ன நியாயம் இருக்கிறது?

நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் அவளே போன் எடுத்தாள்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு வாறியள்?"

"வழமைபோல. ரெண்டு மணிக்கு உங்கட வாசல்ல நிப்பன்."

"வான் நல்லா ஓடுதோ?"

"ஏன் ஓடாம?"

"சும்மா கேட்டனான். வேற ஒண்டும் சொல்ல இல்லையோ?"

"சொல்ல என்ன கிடக்கு? இறைச்சி மசாலாவில ஊறுது."

"நல்லா ஊறட்டும்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நத்தாரன்று, மெதுவாக ஓட நேரம் விட்டு, பன்னிரண்டு மணிக்கே கறியை அடுப்பில் மெல்லிய சூட்டில் விட்டுவிட்டு, ஜீவரத்தினம் வான் திறப்பை எடுத்தார். வீதியில் ஒரு வாகனமும் இல்லை. இன்றைக்கு மட்டும், போக ஒரு தரம், வர ஒரு தரம். கண்ணாடியிலிருந்த இலையைத் துடைத்தார். வான் ஒரே திருப்பில் இயங்கியது. இரண்டரை மாதம் தனியே விட்டதற்கு ஒரு முறைப்பாடும் இல்லை. வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

மணிச் சத்தம் கேட்டது. எங்கிருந்து என்று தெரியவில்லை. கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பளபளவென்று புத்தம் புதிய ஊதாச் சைக்கிளில் ஒரு சின்னப் பெண், கைபிடியில் பரிசு ரிப்பன்கூட இன்னும் கழற்றவில்லை, வானின் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தாள். போகிற போக்கில் அவருக்குக் கைகாட்டினாள். நத்தார் காலையில் இந்த ஊர்ப் பிள்ளைகளெல்லாம் புதுச் சைக்கிளோடு வெளியே வரும் என்பது அவருக்குத் தெரியாத விஷயமா?

எஞ்சினை நிற்பாட்டினார். அந்தச் சைக்கிள் வீதி முனையில் திரும்பும்வரை உள்ளேயே இருந்தார். பிறகு வீட்டுக்குள் போய்த் தயாளினிக்குப் போன் அடித்தார். எனக்கு ஏலாது, கண் போச்சுது, உங்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி என்னைக் கேளாதேங்கோ: மூன்று வசனமும் வாயில் ஆயத்தமாக இருந்தன. மணி போனது. எடுக்கவில்லை. கோவம்தான் என்று நினைத்தார்.

பன்னிரண்டரைக்கு ஸ்ரீனிவாஸ் வந்தான். தயிர்சாதப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "அண்ணா, வண்டி சாவி எங்க?" என்றான்.

"ஏன்?"

"வாங்கி வெச்சுக்கச் சொன்னாங்க. தயாளினி அக்கா."

ஜீவரத்தினம் கதிரையில் இருந்தார். "அவவுக்கு ஆர் சொன்னது?"

"யாரும் சொல்லல. போன கிறிஸ்துமஸ்ல, அவங்கள பாக்க முழுக் கழுத்தையும் திருப்பித் திருப்பிப் பாத்தீங்களாமே. முதல்ல அக்கா வேற மாதிரி நெனச்சுட்டாங்களாம்." ஸ்ரீனிவாஸ் சிரிப்பை அடக்கினான். "அப்புறம் அவங்க தெரு முனையில குப்பைத் தொட்டிய இடிச்சீங்க. அதுலதான் சந்தேகமாம். ஜனவரில கார் கத்துக்கப் போனாங்க. மூணு வாட்டி பெயில். நவம்பர்ல பாஸ்."

"கார் பழகினவவோ? தயாவோ?"

"நேத்துகூட நீங்களா சொல்வீங்கன்னு போன் பண்ணிப் பாத்தாங்க. நீங்க இறைச்சி ஊறுதுன்னீங்களாம். அதான், நீங்க வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி வந்துடணும்னு பதினொண்ணரைக்கே கிளம்பிட்டாங்க."

கொட்வின் எண்ணெய்த் தாளில் சுற்றிய கேக்கோடு கதவடியில் நின்றார். "நான் பேர் சொல்லேல்லை ஜீவா. கர்த்தர் சாட்சி."

"பேர் மட்டும்தான் சொல்லேல்லை நீர். எனக்கு ஒரு மகளையும் பெத்துத் தந்திருக்கிறீர். உள்ளுக்கு வாரும், குளிருது."

மேசையில் நான்கு சாப்பாட்டுக் கோப்பைகள் வைத்தார்கள். கொட்வின் கறியை ஒருதரம் கிளறினார். ஸ்ரீனிவாஸ் மணந்து பார்த்து உப்புக் குறைவு என்றான். ஜீவரத்தினத்துக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஆற்றுக்கு அடியால் போகும் பிளாக்வோல் சுரங்கத்துக்குள் தடத்தைப் பிடித்துப் போகத் தெரியுமா அவளுக்கு? மூன்று தரம் பெயில். ஆனால் இனித் திரும்பப் போகும்போது ஓட்டுகிறவள் அவள். ஓட்டுகிறவள் இருப்பது வலப்பக்கம். கழுத்தைத் திருப்பாமலே தெரிவாள். இதை நினைத்ததும் அவருக்குத் தன்மேலேயே வெட்கம் வந்தது, யன்னலுக்குப் போனார்.

பன்னிரண்டே முக்கால். ஒன்று. ஒன்று இருபது.

போனை எடுத்தார்.

"அண்ணா, ஓட்டும்போது எடுக்க மாட்டாங்க. நீங்க வெச்ச சட்டம்தானே?"

அவர் வைத்த சட்டம்தான். ஒவ்வொரு நத்தாருக்கும் வான் பிந்தினால் அவள் போன் அடிப்பாள். டாஷ்போர்டில் போன் அடித்து ஓயும்; அவர் தொடமாட்டார். வாசலில் வந்து ஹோன் அடிக்கும்போது, "எடுத்தால் என்ன, செத்தா போவியள்?" என்று ஏசிக்கொண்டு ஏறுவாள். பதினான்கு வருடம் இந்தப் பக்கத்தில் நின்று அவள் என்ன பட்டிருப்பாள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

எடுக்கக் கூடாது என்றும் இருந்தது. எடு தயா என்றும் இருந்தது. யன்னல் கண்ணாடியில் மூச்சுப் படிந்து வீதி மங்கியது. கையால் துடைத்துவிட்டு, இடப்பக்க வீதி தெரிவதற்காகக் கழுத்தை முழுக்கத் திருப்பிக்கொண்டு நின்றார். போன் காதில் இருந்தது. மணி போய்க்கொண்டே இருந்தது.