பொன்னுராஜின் சம்மதச் சட்டம்

"கொஞ்சம் தலையச் சாச்சுக்கோ தாயி. ரொம்ப வேண்டாம், செத்த வலிக்கிற மாதிரி... அம்புட்டுத்தான்!" என்று சொல்லி, ஒற்றைக் கண்ணை மூடி, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு படமெடுப்பார் பொன்னுராஜ். வயது ஐம்பத்திரண்டு. கேமரா சொடுக்கும்போது அவரும் வாயால் ஒருமுறை சொடுக்குவார்.

இராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனிகளுக்கு வெப்சைட் போட்டுக் கொடுப்பவர் அவர்தான். நெட்டில் கிடக்கும் வெள்ளைக்காரன் படத்தைத் தொடமாட்டார், கேஸ் வருமாம். உள்ளூர் முகமென்றால் அந்தப் பயம் கிடையாது. அனுமதி கேட்டீர்களா என்றால், "லென்ஸைப் பாத்துச் சிரிச்சாச்சுன்னா சம்மதந்தானய்யா!" என்பார். வக்கீல்கள் வருடக்கணக்கில் படிக்கும் சட்டத்தை ஒரு பல்வரிசைக்குள் அடக்கிய மேதை.

போன மாதம் ஒரு கம்பெனியின் வெப்சைட்டுக்கு அடிபட்ட நோயாளி தேவைப்பட்டது. ஆஸ்பத்திரிக்கு அலைவானேன்? கம்பெனியிலேயே கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்த மாரிக்கனியை உட்காரவைத்து, அந்தத் துணியை அவள் தலையிலேயே நாலு சுற்றுச் சுற்றினார்.

"துணியக் காட்டத்தான அண்ணாச்சி?" என்று அவள் சிரித்தாள். சம்மதம் பதிவாயிற்று.

படத்தின் கீழே, 'மூளை அறுவை சிகிச்சைக்குப் பின் மறுபிறவி எடுத்த மங்கை' என்று எழுதினார். எழுதும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டதாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாரிக்கனிக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டாரும் அதைப் படித்தார்கள். அவர்களுக்குக் கண் கலங்கவில்லை. பூ வைக்கும் நாளைத் தள்ளிவைத்தார்கள்.

நேற்று மாரிக்கனி பொன்னுராஜின் போட்டோக் கடைக்கு வந்து, வக்கீல் நோட்டீஸை அவர் கையிலேயே கொடுத்தாள்.

"படத்த அப்பவே தூக்கிட்டேனே தாயி. இதுக்குப் போயி வக்கீலா?"

"மாப்பிள்ள வீட்டுச் சொந்தக்காரவுக போன்லயெல்லாம் கெடக்கே. அத எப்படித் தூக்குவீக?"

"ஏட்டி, நீ சிரிச்சேல்ல?"

"துணிக்குச் சிரிச்சேன். என் மூளைய அறுக்கப்போறீகன்னு தெரிஞ்சிருந்தா அழுதிருப்பேன்."

மாரிக்கனி தன் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே உயர்த்தினாள்.

"'இந்தப் பிள்ளைக்கு ஒரு நோவும் கெடையாது, நான் எழுதுனது பொய்'னு உங்க வாயால சொல்லுங்க. இப்பவே அவியளுக்கு அனுப்பணும்."

பொன்னுராஜ் நோட்டீஸை அகல விரித்து, முகத்தை மறைத்துக்கொண்டார்.