அயோடினும் நெல்லிச்சாறும்

இன்று காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் நெல்லிச்சாறு விற்றுக்கொண்டிருந்தான். மூப்பையே கழுவிவிடுமாம்.

டம்ளர் தண்ணீரில் டிங்சர் அயோடினைச் சொட்டினான், பழுப்பானது. கொஞ்சம் சாறு விட்டான், தெளிந்துவிட்டது.

"கண்ணுல புரையும் இப்படித்தான் கரையும்!"

நெல்லிக்காயின் வைட்டமின் சி அயோடின் நிறத்தைப் போக்கும். கல்லூரியில் நானே செய்த சோதனை. கண் புரையோ வெந்த முட்டையின் வெள்ளை மாதிரி, திரும்பப் பச்சையாகாது.

பக்கத்தில் எங்கள் தெரு ஏகாம்பரம் நின்றிருந்தார். பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுபவர். நாளைக் காலை கண் முகாமில் அவருக்குப் புரை அறுவை.

"இனிமே கத்தி எதுக்குமா?" என்று இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டார்.

"டம்ளர் வேற, கண்ணு வேற" என்றேன்.

"சாயம் எறங்குறத முப்பது வருசமா பாத்துக்கினு இருக்கேன். எனக்கே சொல்றீங்களா டீச்சரம்மா?"

விற்பவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "டீச்சரம்மாவுக்கும் நரை எட்டிப் பாக்குது. ஒரு பாட்டில் குடுக்கட்டா?"

கூட்டம் சிரித்தது. நான் அவன் மூக்கையே பார்த்தேன். அதில், புரை அறுத்தவர்களுக்கு அந்தக் கால முகாம்களில் கொடுத்த அதே சோடாபுட்டிக் கண்ணாடி.

"அந்த ஆள் கண்ணாடியைப் பாருங்க" என்றேன் ஏகாம்பரத்திடம்.

"எனக்கு எங்கம்மா தெரியுது? மூஞ்சியே மங்கலா இருக்குது."

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அங்கே எதையும் நான் தொடவில்லை.

நாளைக் காலை ஆறு மணிக்கு ஏகாம்பரம் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன். என்ன சொல்லி அவரைக் கிளப்புவது? நல்ல வார்த்தையாக இருந்தால் சொல்லுங்கள். மற்றது என்னிடமே நிறைய இருக்கிறது.