மகள் அனுப்பும் ‘ரீச்’

காலை எட்டு ஐம்பதுக்கு மகளிடமிருந்து ‘ரீச்டு’ என்று செய்தி வந்தது. அன்றைக்கு எல்லாம் கோணலாகத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். எனக்கோ அது நிம்மதியாக இருந்தது. செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஊறிய உளுந்தை கிரைண்டரில் போட்டேன்.

மகள் செய்யாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். பெருநகர் என்ற ஊரைத் தாண்டி, தரைப்பாலத்தில் ஆற்றைக் கடந்து, வெள்ளை ஸ்கூட்டியில் போவாள். போய் இறங்கியதும் ஒரு வார்த்தை அனுப்பிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபோது நான் போட்ட ஒரே நிபந்தனை அது.

முதல் நாள் தமிழில்தான் அனுப்பினாள்: ‘போய்ச் சேர்ந்துட்டேன்.’ வயதானவர்கள் இறந்தால்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். வாசலைத் தாண்டும்போது ‘போறேன்’ என்றுகூடச் சொல்லவிடாமல், ‘போய்ட்டு வரேன்’ என்று திருத்தித் திருத்தி வளர்த்த பெண். சாயங்காலம் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“இனிமே அப்படி எழுதாத.”

“அப்ப இன்னாதான்மா எழுதறது?”

“ரீச்னு போடு.”

“இங்கிலீஷ்காரன் வூட்ல சாவே வுழாதா?” என்று சிரித்தாள். ஆனால் மறுநாளிலிருந்து ‘ரீச்டு’தான்.

நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். ஒரு சொல்லைப் பிடித்தால் அது எங்கிருந்து வந்தது என்று அகராதியில் தேடாமல் விடமாட்டேன். ரீச் என்பதையும் அப்போதே தேடியிருந்தேன். பழைய ஆங்கிலத்தில் அது முதலில் ஓர் இடத்தை அடைவது அல்ல, கையை நீட்டுவது. ஒன்றைத் தொடுவதற்காகவோ, கையில் இருப்பதை இன்னொருவரிடம் கொடுப்பதற்காகவோ நீட்டுவது. பிறகுதான் அது தொட்டுவிடுவதாக வளர்ந்து, ஊர் போய் இறங்குவது வரை வந்தது. நம்முடைய ‘எட்டு’வும் ஏறக்குறைய அப்படித்தான். பரணில் இருக்கும் பானைக்கும் கை எட்ட வேண்டும். அசலூருக்கும் சேதி எட்ட வேண்டும். நீட்டுவதற்கும் எட்டுவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அந்த இடைவெளியில் தண்ணீர் ஓடும் என்று நினைத்ததில்லை.

உளுந்து பொங்கிவரும் நேரத்தில் கணவர் வயலிலிருந்து வந்தார். முழங்கால் வரை சேறு.

“மேற்க செம மழையாம். ஏரி ரொம்பி வழியுது. ஆத்துல தரைப்பாலத்து மேலயே தண்ணி போய்க்கினு கீது. எட்டு மணியிலேருந்து பஸ்ஸெல்லாம் திருப்பி உட்றாங்க. நல்லவேள, பாப்பா லீவு போட்டுட்டா இல்ல?”

“இல்லியே. அவ அப்பவே ரீச் ஆயிட்டா. மெசேஜ் வந்துச்சே.”

கால் கழுவப் போனவர் நின்றார். “எந்த வழியா?”

அவளுடைய எண்ணுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. கிளினிக்கின் லேண்ட்லைனுக்கு அடித்தேன். அங்கே வேலை செய்யும் கம்பவுண்டர் எடுத்தார்.

“இன்னும் வரலியேம்மா. பாலம் முங்கிடுச்சே, எப்படி வரும்?”

“மெசேஜ் போட்டாளே.”

“இங்கதான் டவரே கெடையாதேம்மா. தெனம் ஆத்துக்கு அந்தாண்ட, உங்க பக்கமே நின்னு உங்களுக்குப் போட்டுட்டுதான் எறங்கும். லேட்டானா எங்கம்மா ஊரையே கூட்டிடும்னு சொல்லும்.”

கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை மாதமும் வந்த ஒவ்வொரு ‘ரீச்டு’வும் இக்கரையில் நின்று அனுப்பியது. அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு நான் தினமும் நிம்மதியாக மாவு அரைத்திருக்கிறேன்.

கணவர் கழுவாத காலோடு வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினார். சேற்றுத் தடம் வாசல்வரை கிடந்தது. இங்கும் பெய்துகொண்டிருந்த மழை சட்டென்று நின்றுவிட்டது. அது பெய்துகொண்டே இருந்திருந்தால் அந்தச் சத்தத்தில் எந்தச் சேதியும் காதில் விழாது, தேவலை என்று தோன்றியது.

பக்கத்து வீட்டுப் பெண் முறத்தோடு வந்து நின்றாள். “யக்கா, கேட்டியா? ஆத்துல யாரோ ஸ்கூட்டியோட எறங்கிட்டாங்களாம். வண்டி அடிச்சிக்கினு போச்சாம். வெள்ள வண்டியாம்…” என் முகத்தைப் பார்த்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, “ச்சீ, அது யாரோ. நம்ம பாப்பா எப்பவோ போய்ச் சேந்திருப்பாக்கா,” என்றாள்.

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

அதன்பின் எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. மாவு வழிந்து தரையில் இறங்கியிருந்தது. செல்போன் திரையில் அந்த ஒற்றைச் சொல் அப்படியே இருந்தது. அவளுடைய போனில் அதற்கு இரண்டு நீல டிக் விழுந்திருக்கும். நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

வயல் பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர் வந்து வாசலில் நின்றது. அந்த வழியாக வந்ததால் கணவர் கண்ணில் பட்டிருக்காது. டிரெய்லரிலிருந்து இறங்கியது என் மகள். ஒரு காலில் மட்டும் செருப்பு. துப்பட்டா இல்லை. தலையெல்லாம் மணல். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தபடி கூடவே இறங்கினாள் ஒரு பெண். ஆற்றோரத்தில் நடவுக்கு வந்த கூலிப் பெண்களில் ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். இடுப்புவரை நனைந்திருந்தாள்.

அந்தப் பெண்தான் பேசினாள்.

“எறங்காத பாப்பா, எறங்காதன்னு கரையிலேருந்து கத்தனோம்மா. கேக்கல. ‘எங்கம்மாவுக்கு ரீச்சுன்னு போட்டுட்டேன், போயே ஆவணும்’னு எறங்கிடுச்சி. பத்தடி தாண்டல, வண்டி சாஞ்சிக்கிச்சி. நான் பின்னாலயே ஓடனேன். புடவய வீசனேன், சிக்கல. அப்பறம் கையத்தான் நீட்டனேன்.”

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவளும் பிடியை விடவில்லை. மகளின் மணிக்கட்டில் அவள் விரல்கள் பதிந்த இடம் வெளுத்திருந்தது. வாசற்படிவரை வந்து, அந்தக் கையை என் பக்கம் நீட்டினாள்.

“நீ புடிச்சிக்கோம்மா. அப்போலேருந்து உடவே இல்ல நானு. என் கை மரத்துப் போச்சி.”