உப்புத்தாளில் அழித்த தகடு

என் மனைவியின் தம்பி சிதம்பரத்தில் ஒரு பழைய வெல்டிங் மெஷின் வாங்கினான். சூடு தணிய உள்ளே எண்ணெய் ஊற்றி வைக்கிற அந்தக் காலத்து ஜாதி. தூக்க நாலு பேர் வேண்டும். செம்மண்டலத்தில் அவன் பட்டறைக்கு இன்னும் கரண்ட் வராததால் மெஷின் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் நின்றது. அப்போது ஆயுத பூஜை வந்தது.

பூஜைக்கு அது அழுக்காக நிற்கக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. விற்ற அன்றே கடைக்காரர் அதன் பெயர்த்தகட்டில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தார். எந்த மெஷினுக்கும் பொட்டு அங்கேதான். தட்டையான இடம் அது ஒன்றுதானே. காய்ந்த சந்தனத்தோடு துருவையும் சேர்த்து உப்புத்தாளால் தேய்த்தேன். இடையில் ஏதோ எழுத்துகள் தெரிந்தன. படிக்கவில்லை. தேய்த்து முடித்து, உடம்புக்கெல்லாம் பச்சை பெயின்ட் அடித்து, புதுப் பொட்டும் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் நான்.

மச்சானுக்கு ஒரே சந்தோஷம். "மாமா, ஷோரூம்லேர்ந்து எறக்கின மாதிரி இருக்குது!"

பிறகு பட்டறைக்குக் கரண்ட் வந்து, மெஷினை அங்கே கொண்டுபோனோம். எலெக்ட்ரீஷியன் வந்து மூடியைத் திறந்தார். உள்ளே நாலு முனைகள். எதில் எந்த ஒயர் என்ற படம் தகட்டில்தான் இருக்குமாம்.

"தகடு மொழுமொழுன்னு இருக்குதே. தப்பா குடுத்தா காயில் எரிஞ்சிடும். நான் கை வைக்க மாட்டேன்" என்று கிளம்பிவிட்டார்.

"வித்தவன் வேலை இது. எதையோ மறைக்கத்தான் அழிச்சிருக்கான்" என்றான் மச்சான். அன்றைக்கே வெல்டர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், அந்தக் கடையில் யாரும் மெஷின் வாங்க வேண்டாம் என்று கடையின் பேரைச் சொல்லிப் பேசி அனுப்பினான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன்.

பிராயச்சித்தமாக நாலு நாள் இணையத்தில் தேடினேன். கம்பெனி பேர் தெரியாத மெஷினை என்னவென்று தேடுவது? உயரம், அகலம், எத்தனை துளை என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். தண்ணீர் மோட்டார் வந்தது.

ஐந்தாம் நாள் இருவரும் பஸ் ஏறிச் சிதம்பரம் போனோம்.

"வாங்க தம்பி, மெஷின் எப்படி ஓடுது?" என்றார் கடைக்காரர்.

"தகட்டை அழிச்சி வித்துட்டு ஓடுதான்னு வேற கேக்குறீங்களா?"

அவர் கோபப்படவில்லை. விற்கிற ஒவ்வொரு மெஷினையும் மாலை போட்டு, வாங்கியவரோடு நிற்க வைத்து அவர் படம் எடுப்பது வழக்கம். போனில் தேடி எடுத்து நீட்டினார். மச்சான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் முழங்கால் அருகே, தகட்டில் சந்தனத்துக்குக் கீழே, பொடியாக இரண்டு வரி எழுத்து.

"இது இன்னா தம்பி, எழுத்தா, எறும்பா?"

படம் வெளியே வந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "நாந்தான் தேய்ச்சேன். பூஜைக்கு."

மச்சான் போனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தான். "படிச்சவங்க தேய்ச்சா இப்படித்தான் மாமா. ஒரு எழுத்து மிச்சம் வைக்கல."

முதலில் சிரித்தவர் கடைக்காரர்தான். எந்த முனையில் என்ன கொடுத்தார்கள் என்பது அவருக்கும் நினைவில்லை. ஆனால் அதே மெஷினின் ஜோடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பட்டறையில் ஓடுகிறது என்று கூட்டிப்போனார். அங்கேயும் தகட்டின் மேல் பொட்டு. மச்சான் ஈரத்துணியால் பூப்போலத் துடைத்தான். என்னை நாலடி தள்ளி நிற்கச் சொன்னான். ஒயர் படம் முழுசாகத் தெரிந்தது. மறுநாள் செம்மண்டலத்தில் பொறி பறந்தது.

சிதம்பரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸிலேயே மச்சான் போனை என் கையில் கொடுத்தான். "குரூப்ல நீங்களே சொல்லிடுங்க மாமா."

சொன்னேன். தகட்டை அழித்தது நான், கடைக்காரர் மேல் தப்பில்லை, தெரிந்தே பேசாமல் இருந்தேன் என்று. ஒருவர் உடனே கேட்டார்: "சார், எங்க வூட்டு பீரோ அழுக்கா இருக்குது, வரீங்களா?" இன்னொருவர், மச்சான் முதலில் பேசி அனுப்பியதை வேறு இரண்டு குரூப்புக்கு அனுப்பிவிட்டதாக எழுதினார். என்னுடையதையும் அனுப்பச் சொன்னேன். அங்கிருந்து அது எங்கே போனதோ, யார் கண்டது.

கடைக்காரருக்குப் போன் செய்து இதையும் சொன்னேன். "வுடுங்க சார். எவனாவது கேட்டா உங்க நம்பரைக் குடுத்துடுறேன்" என்றார்.

கொடுக்கிறார். இதுவரை மூன்று பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் நான்தான் அழித்தேன் என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.