மூன்று தரம் தட்டின கதவு

சபையில எழும்பி நிண்டு கதைக்கிற ஆள் இல்லை நான். ஊசி போடச் சொன்னால் போடுவன், மைக்கைத் தந்தால் பக்கத்து ஆளிட்டக் குடுத்திடுவன். ஆனா இதை வாய்க்குள்ள வைச்சுக்கொண்டிருக்க இனி ஏலாது.

நான் திருகோணமலையில பிறந்தனான். நேர்ஸ் பயிற்சிக் காலத்தில எனக்கு ஒருத்திதான் சிநேகிதி. ஹாஜரா, தண்ணிக்கு அங்கால கிண்ணியாவில இருந்து வந்த முஸ்லிம் பிள்ளை. காயத்துக்குப் பிளாஸ்டர் ஒட்டினால் அதின்ர நுனியைக் கொஞ்சம் உள்ளுக்கு மடிச்சு விடுவாள், கழட்டேக்க நகத்தால சுரண்டி நோயாளியை நோகடிக்கக் கூடாதெண்டு. பிளாஸ்டர் வீணாகுது எண்டு மேற்றன் ஏசுவா. இவள் சிரிச்சுக்கொண்டு திரும்பவும் மடிப்பாள். அந்த ஆஸ்பத்திரியில வேற ஆரும் அப்பிடிச் செய்யிறேல்லை.

தமிழ், முஸ்லிம் எண்டு கலவரம் வந்த அண்டு பின்னேரம் அவள் எங்கட கதவைத் தட்டினாள். என்ர பேரைச் சொல்லி மூன்று தரம். ஊருக்குப் போக வழியில்லாமல் ஒளிய இடம் தேடி வந்தவள். நான் டியூட்டியால வந்து வெள்ளைச் சப்பாத்தைக்கூடக் கழட்டாமல் கதவுக்குப் பின்னால நிண்டனான். அப்பா வாயில விரலை வைச்சார். நான் திறக்கேல்லை.

பிறகு நாங்கள் கனடாவுக்குப் போனம். கலியாணம், பிள்ளையள், வேலை எல்லாம் ஆண்டவர் தந்தார். ஆனா முழங்காலில நிண்டால் அந்தத் தட்டல்தான் கேக்கும். சுனாமிக்குப் பிறகு அவள் உயிரோட இருக்கிறாளோ எண்டும் தெரியாது. "ஆண்டவரே, ஒருக்கா அவளின்ர முகத்தைக் காட்டும்." முப்பது வருஷத்துக்கு மேல இதுதான் என்ர ஜெபம்.

போன வருஷம் ஒரு மருத்துவ முகாமுக்குத் தொண்டராக ஊருக்கு வந்தனான். உப்புவெளி, இறக்கக்கண்டி எண்டு திரிஞ்சம். கிண்ணியா எண்டால் மட்டும் எனக்குத் தலையிடி வந்திடும். விசாரிக்கவும் பயம். செத்துப்போனாள் எண்டு சொன்னால்? உயிரோட இருந்தால் அதைவிடப் பயம்.

ஒரு நாள் லீவு கிடைச்சுது. தனியா டவுனைச் சுற்றினன். மான்கள் முந்தின மாதிரியே றோட்டோரத்தில படுத்துக் கிடந்ததுகள். கலவரத்தில எரிஞ்ச கடை இருந்த இடத்தில போன் கடை. துவக்குச் சூடு பட்ட சுவர் ஒண்டுக்கு ஓட்டையை அடைக்காமலே நீலப் பெயின்ற் அடிச்சிருந்தாங்கள். எங்கட வீடு இருந்த இடத்தில ஆரோ கெஸ்ட் ஹவுஸ் கட்டியிருந்தினம். அந்தக் கதவு இல்லை. அதைக் காணாததுக்கு நிண்டு அழுதன், பாருங்கோவன்.

அழுதுகொண்டே துறைமுகப் பக்கம் மீன் விக்கிற இடத்துக்கு வந்திட்டன். மீன் வெட்டிக்கொண்டிருந்த ஐயாவின்ர பெருவிரலில ஒரு பிளாஸ்டர். நுனி மடிச்சிருந்தது.

ஆர் ஒட்டினது எண்டு கேட்டன். கிண்ணியாவில எங்கட ஹாஜரா மிஸ், பென்ஷன் எடுத்தும் சும்மா இருக்கமாட்டா எண்டார். வீடு எங்க எண்டும் சொன்னார். உடனே பஸ் ஏறினன். முந்தி மிதவையில கடந்த தண்ணிக்கு மேல இப்ப நீளப் பாலம். பாலம் முடியுமட்டும் "ஆண்டவரே, ஆண்டவரே" எண்டதுக்கு மேல ஒரு சொல் வரேல்லை.

கதவு திறந்துதான் கிடந்தது. நான் படியில நிண்டனான். தட்டக் கை எழும்பேல்லை. அவளே வந்தாள். முக்காட்டுக்குள்ள அதே முகம், கண்ணாடி மட்டும் புதுசு. அதை மூக்கில ஏத்திவிட்டுப் பார்த்தாள்.

"என்ன புள்ள, வெளியில நிக்கிறாய்? உள்ளுக்கு வா."

"ஹாஜரா, அண்டைக்கு நான் உள்ளுக்குத்தான் நிண்டனான்."

"தெரியும். கதவுக்குக் கீழால உன்ர வெள்ளைச் சப்பாத்துத் தெரிஞ்சது. கால் நடுங்கினதையும் கண்டன். அதாலதான் நாலாந்தரம் தட்டேல்லை."

அண்டைக்கு ஒரு மீன்பிடிக் குடும்பம் அவளை வள்ளத்தில ஏத்திக் கரை சேர்த்ததாம். அதுக்குப் பிறகு, தன்ர ஜெபத்தில, துஆ எண்டு சொல்லுவினம், எனக்காகவும் கேட்டவளாம். நான் அழுது கேட்டுக்கொண்டிருந்த மன்னிப்பை ஆண்டவர் அந்தப் பின்னேரமே அவளின்ர மனசில வைச்சிருக்கிறார். நான்தான் போய் வாங்கேல்லை.

போன வருஷங்கள் திரும்பி வராது. இப்ப ஞாயிறு தவறாமல் போனில கதைக்கிறம், வைச்ச பிறகு ஏக்கமாக் கிடக்கும். ஆரின்ர முகத்தையேனும் பார்க்கப் பயந்து இங்க ஆரும் இருந்தால், ஆண்டவரிட்டக் கேளுங்கோ. கேட்டுப்போட்டு என்னை மாதிரிக் குந்தியிராமல் எழும்பிப் போங்கோ. இவ்வளவு காலமும் பிளாஸ்டர் நுனியை மடிக்க எனக்கு மனம் வரேல்லை. இப்ப மடிக்கிறன். ஏன் எண்டு கேக்கிற நோயாளியளுக்கு அவளின்ர பேரைச் சொல்லுறன்.